போர்முனை கண்ட மகளிரின் மனவடுவும் பதகளிப்பும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று மலர்க் குழுவினர் எழுதியபொழுது, சங்க நூல்களைப் பற்றியோ சைவத் திருமுறைகளைப் பற்றியோ எழுதுவோமென்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். தமிழாசிரியனிடம் வேறெதனை எதிர்பார்ப்பது? நாம் எடுத்துக்கொண்டதோ வைத்தியஞ் சார்ந்த பொருள். வைத்திய நூலை முறையாகக் கற்றோமல்லோம். ஆசிரிய கலாசாலைப் பயிற்சியே எமது கல்வி. எனினும், வகுப்பறையில் எம்மால் நேர்ந்த ஒரு பிழை இப்பொருளை நாடிக் கற்குமாறு எம்மைத் தூண்டிற்று. பழைய மாணவருள் வைத்தியராய் விளங்குவோர் குறை காணின் பொறுத்தருள்வாராக.

கண்டியிலிருந்து வத்தேகாமம் செல்லும் வழியிலுள்ள மடவளையிலே நாம் தமிழ் கற்பித்து வருகின்றோம். ஊரில் தமிழ் பேசும் முஸ்லிம் மக்களே மிகுதி. சூழவுள்ள கிராமங்களிற் சிங்கள மக்களும், அப்பால் மலைச்சரிவுத் தோட்டங்களில் மலையகத் தமிழரும் வாழ்கின்றனர். சில ஆண்டுகளின் முன் ஏழாந் தர மாணவர்க்கு 'என் தாய்' என்னும் தலைப்பிற் கட்டுரை எழுதப் பணித்தோம். எல்லா மாணவரும் தாயின் அன்பையும் சமையலையும் எழுதினர். ஒரு மாணவன் மட்டும் வேறுவிதமாக எழுதியிருந்தான். தன் தாய் வீட்டில் எப்பொழுதும் வாயிலைப் பார்த்தே அமர்வார் என்றும், சீனவெடி கேட்டாற் பாத்திரத்தைக் கைநழுவ விடுவார் என்றும், பேருந்தில் ஏறினால் மூச்சு முட்டுகின்றதென இடைவழியில் இறங்கிவிடுவார் என்றும், முன்னர் வன்னியிலே போராளியாய் இருந்தவர் என்றும் அவன் எழுதியிருந்தான். 2018 மார்ச்சு மாதத்திற் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டு ஊரடங்கு விதிக்கப்பட்ட இரவிலே, தன்னையும் தங்கையையும் கட்டிலின் கீழ் கிடத்தி, விடியும்வரை அவர் கதவருகே நின்றாராம்.

கட்டுரையின் மெய்ம்மை எம்மை ஆட்கொண்டது. அறிவை இழந்தோம் என்றே சொல்லல் வேண்டும். அதனை வகுப்பிலே உரக்க வாசித்துப் பாராட்டினோம். மறுநாள் தொடக்கம் அம்மாணவன் பாடசாலைக்கு வரவில்லை. நான்காம் நாள் தாயே வந்தார். கோபங் கொண்டாரல்லர். "பிள்ளை எழுதினது பிழையில்ல சேர். நாலு பேருக்கு முன்னால வாசிச்சதுதான் பிழை" என்றார். அச்சொல்லின் உட்பொருளை முழுவதும் உணர எமக்கு ஓராண்டு சென்றது.

(அவ்வம்மையாரின் இசைவு பெற்றே இதனை எழுதுகின்றோம். அவரை இனங்காட்டக் கூடியவற்றை விலக்கியுள்ளோம்.)

மலைநாட்டில் வாழும் பெண் வன்னிப் போரிலே எவ்வாறு அகப்பட்டாள் என வாசகர் சிலர் வினவலாம். 1977ஆம் ஆண்டு இனக் கலவரத்தின் பின்னர் தோட்டங்களை விட்டு அகன்ற மலையகத் தமிழ்க் குடும்பங்கள் பல வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளிற் குடியேறின. 1983இன் பின்னும் அவ்வாறே. அக்குடும்பங்களின் பிள்ளைகள் அந்த மண்ணிலே வளர்ந்து, சிலர் விரும்பியும் சிலர் வலிந்து பிடிக்கப்பட்டும் விடுதலைப் புலிகளின் அணிகளிற் சேர்ந்தனர். 2009 மே மாதத்திற் போர் முடிந்தபின் ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வு நிலையங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவருள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் பெண்கள். விடுதலையான பின்னர், இனசனம் உள்ள இடமென்று மலைநாட்டுக்கே மீண்டோரும் உண்டு.

மறுபக்கத்தையும் மறத்தலாகாது. இலங்கைத் தரைப்படையின் மகளிர் படையணி 1979ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. அதிற் சேவை புரிந்து ஓய்வு பெற்ற பெண்கள் கண்டிக் கிராமங்களிலும் உளர். ஒரே சந்தையிற் காய்கறி வாங்கும் இரு பெண்கள், ஒரே வெடியோசைக்கு ஒரே வகையாகத் திடுக்கிட்டு, ஒருவரையொருவர் அறியாமலே வீடு திரும்புதல் கூடும். நோய்க்குக் கட்சியில்லை.

இனி நோயின் பெயரைக் காண்போம். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் நீண்ட பெயரை எம் நாட்டு வைத்தியர் 'நெருக்கீட்டிற்குப் பிற்பட்ட மனவடு நோய்' எனத் தமிழாக்கினர். கிரேக்க மொழியில் 'திரோமா' என்னுஞ் சொல் புண்ணைக் குறிப்பது. தமிழில் வடு என்பதோ புண் ஆறியபின் எஞ்சும் தழும்பு. இந்நோயில் ஆறாத புண்ணே உள்ளதாகலின் 'மனப்புண்' என்றிருத்தல் வேண்டுமென்று முதலிற் குறை கண்டோம். பின்னர், நெருப்புச் சுட்ட புண்ணையும் நாச் சுட்ட வடுவையும் வேறுபடுத்தி, ஆறாதது பின்னையதே என்று வள்ளுவர் வைத்தமை நினைவுக்கு வந்தது. பெயரிட்டவர் தமிழறிந்தே இட்டனர்போலும் என வாய் மூடினோம். 'பதகளிப்பு' என்பது மற்றொரு நல்ல சொல். யாழ்ப்பாணத்துப் பேச்சிலே, காரணம் முழுதும் விளங்காது நெஞ்சு படபடத்து நிலைகொள்ளாது தவித்தலைப் பதகளித்தல் என்பர். அவ்வீட்டுச் சொல்லையே வைத்தியர் நோய்ப் பெயராய் ஏற்றுக்கொண்டனர்.

போரினால் மனம் குலைதல் புதிதன்று. முதலாம் உலகப் போரிலே 1915ஆம் ஆண்டு சாள்ஸ் மையர்ஸ் என்னும் ஆங்கில வைத்தியர் 'குண்டு அதிர்ச்சி' என இதனை விரித்தெழுதினார். 1980இலே தான் அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கத்தின் நோய்ப் பாகுபாட்டு நூலில் இன்றைய பெயர் இடம்பெற்றது. வியட்நாமிலிருந்து மீண்ட வீரரின் துன்பம் அதற்கு ஒரு காரணம். வன்புணர்ச்சிக்கு ஆளான பெண்களிடமும் இதே குறிகள் உள்ளன என்று 1974இல் ஆன் பேர்கெஸ், லின்டா ஹோல்ம்ஸ்ற்றம் என்னும் இரு பெண்கள் காட்டியது மற்றொன்று. வியட்நாமிற் பணிசெய்த அமெரிக்க மகளிர் பெரும்பாலும் தாதியர். துவக்குத் தூக்காத அவருள்ளும் நூற்றுக்கு ஏறத்தாழ 27 பேர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்நோய்க்கு ஆளாயினர் என 1990இல் வெளியான பெரும் ஆய்வு கண்டது.

குறிகள் நால்வகையின. நடந்தது கனவாயும் பகற்காட்சியாயும் மீள மீளத் தோன்றுதல். அதனை நினைவூட்டும் இடம், ஆள், பேச்சு யாவற்றையும் தவிர்த்தல். 'எல்லாம் என்னால் வந்தது', 'எவரையும் நம்பலாகாது' என மனம் இருளுதல். உறக்கமின்றியும் திடுக்கிட்டும் எந்நேரமும் விழிப்பாயிருத்தல். இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து வாழ்வைக் குலைப்பின் நோய் எனப்படும்.

இந்நோய் தனித்து வருதல் அரிது. அமெரிக்காவில் 1995இல் வெளியான ஓர் ஆய்விலே, இந்நோயுற்ற பெண்களில் நூற்றுக்கு 79 பேருக்கு வேறொரு மனநோயும் வாழ்நாளில் இருந்தமை காணப்பட்டது. அத்துணை நோய்களுள் பதகளிப்பு வகை முக்கியமானது. ஒருவருக்கு அது திடீரென மூச்சு முட்டிச் சாவு வந்ததென்றெண்ணும் பீதியாய் வரும். மற்றொருவருக்குப் பிள்ளை பாடசாலையால் ஐந்து நிமிடம் பிந்தினாற் செத்தான் என்றே நிச்சயிக்கும் ஓயாக் கவலையாய் வரும். 1980இல் மனவடு நோயைப் பதகளிப்பு நோய்களின் இனத்திலேயே வைத்த அறிஞர், 2013இல் அதனைப் பிரித்துத் தனி அதிகாரமாக்கினர். பிரித்தது நன்றே, பதகளிப்பு அச்சத்தாலானது, மனவடுவிலோ அச்சத்தோடு குற்றவுணர்வும் வெட்கமும் துயரும் சினமுங் கலந்துள்ளன. ஆயினும் நோயாளியின் உடம்பு அதிகாரங்களைப் பிரித்தறியாது. நெஞ்சு படபடக்கின்றது, உறக்கமில்லை என்றே அவர் வைத்தியரிடம் சொல்வார். எம் மாணவனின் தாயும் பல ஆண்டு அவ்வாறே சொல்லி வந்தார். இருதயத்தைச் சோதித்தனர், குறையில்லை. உறக்க மாத்திரை கொடுத்தனர். வன்னியைப் பற்றி அவரும் சொல்லவில்லை, எவரும் கேட்கவுமில்லை.

இவ்விடத்தேதான் சிகிச்சையின் சூக்குமம் அமைந்துள்ளது. பதகளிப்பு ஒரு காவற்காரன் போல்வது. நினைவு எழுமுன் நெஞ்சு படபடக்கும். படபடப்புக்கு அஞ்சி அவர் பேருந்தினின்று இறங்குவார். இறங்கியதும் ஆறுதல் வரும். அவ்வாறுதலே, இறங்கியதாற் பிழைத்தேன் என மனத்துக்குக் கற்பித்துவிடும். தவிர்ப்பு ஒவ்வொன்றும் அச்சத்துக்கு இட்ட பசளையாகும். ஆகவே, காவற்காரனை மாத்திரையால் உறங்கவைத்து உள்ளேயிருக்கும் புண்ணை விட்டுவிடின், அவன் விழித்ததும் பழைய கதையே. பென்சோடயசெப்பீன் இனத்து மாத்திரைகளை இந்நோய்க்குக் கொடுத்தலாகாது என அமெரிக்கப் படைவீரர் நலத் திணைக்களமும் பாதுகாப்புத் திணைக்களமும் கூடி வெளியிட்ட 2017ஆம், 2023ஆம் ஆண்டு வழிகாட்டிகள் உரைக்கின்றன. அவை பழக்கமாகிவிடும் என்பதும் ஒரு காரணம். செர்ட்ரலின் போன்ற மருந்துகள் வேறினம். அவை மனவடுவுக்கும் பதகளிப்புக்கும் ஒருங்கே ஓரளவு உதவுவன. ஆயின் நீண்ட நாள் மாத்திரை உண்பவர் தாமாகவே திடீரென நிறுத்துதல் ஆபத்தானது. வைத்தியர் சொற்படி சிறிது சிறிதாகவே குறைத்தல் வேண்டும்.

புண்ணைத் தொடும் சிகிச்சை யாது? நடந்ததைப் பாதுகாப்பான இடத்திலிருந்து, பயிற்சி பெற்ற ஒருவர் முன், ஒழுங்காகச் சொல்லுதலே அதன் அடிப்படை. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்து எட்னா போவா வகுத்த முறையில், நோயாளி கண்மூடி அந்நிகழ்ச்சியை இப்பொழுது நடப்பது போலவே மீண்டும் மீண்டும் கூறுவார். அதனை ஒலிப்பதிவு செய்து வீட்டிலும் கேட்பார். அதனோடு, தவிர்த்து வந்த இடங்களை அச்சத்தின் அளவுப்படி ஏணிப்படிபோல் வரிசையிட்டு, கீழ்ப்படியினின்று தொடங்கி ஒவ்வொன்றிலும் பதகளிப்புத் தானே தணியுமட்டும் நின்று பழகுவார். தணியும் என்பதை உடம்பு கண்டறிதலே பாடம். இம்முறை பெண் படைவீரரிடத்துச் சோதிக்கப்பட்டது. போலா ஷ்னர் தலைமையில் நடந்து 2007இல் வெளியான ஆய்விலே 284 பெண்கள் பங்குகொண்டனர். வாரம் ஒருமுறை, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரமாகப் பத்து அமர்வுகள் நடந்தன. இம்முறையாற் சிகிச்சை பெற்றோருள் நூற்றுக்கு 41 பேர் நோயின் வரையறையினின்று நீங்கினர். அன்றாடப் பிரச்சினைகளை மட்டும் பேசிய மற்றப் பிரிவில் நீங்கியோர் நூற்றுக்கு 28 பேர். வேறுபாடு மெய்யானதே. எனினும், சிறந்த முறையிலும் பாதிக்கு மேற்பட்டோர் முற்றாக நீங்கவில்லை என்பதை மறைத்தல் நேர்மையன்று.

பற்றீசியா றெசிக் என்பவர் 1992இல் வெளியிட்ட முறை, ஆசிரியராகிய எமக்கு நெருங்கியது. அதிலே கட்டுரை வரைதல் உண்டு. 'இந்நிகழ்ச்சி ஏன் எனக்கு நேர்ந்தது, அதனால் என்னையும் உலகையும் பற்றி நான் எண்ணுவது யாது' என நோயாளி எழுதுவார். 'நான் ஓடியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள்' போன்ற வாக்கியம் அதிலே அகப்படும். பன்னிரண்டு அமர்வுகளில் அவ்வாக்கியங்களை ஒவ்வொன்றாய் எடுத்து, மெய்யா பிழையா எனத் தாமே ஆராய்வர். குற்றவுணர்வு மிக்க பெண்களுக்கு இஃது ஏற்றதென்பர்.

எம் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது மூன்றாவது முறை. ஜெர்மனியின் கொன்ஸ்ரன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மகி ஷவர், பிராங் நொய்னர், தோமஸ் எல்பேர்ட் என்போர், ஒரு நிகழ்ச்சியன்றி அடுக்கடுக்காய்ப் பல துன்பங் கண்டவர்க்கென இதனை அமைத்தனர். தரையில் ஒரு கயிற்றை நீட்டிப் போடுவர். அதுவே பிறப்பு முதல் இன்றுவரையுள்ள வாழ்நாள். இன்பம் நேர்ந்த இடத்திற் பூவும் துன்பம் நேர்ந்த இடத்திற் கல்லும் வைப்பர். பின்னர்ப் பிறப்பிலிருந்து தொடங்கி, எங்கே, எப்பொழுது, யார் உடனிருந்தார், உடம்பு என்ன செய்தது என வரிசையாய்ச் சொல்லச் செய்து, கேட்பவர் அதனை எழுதி, அடுத்த அமர்வில் வாசித்துக் காட்டித் திருத்துவர். முடிவில் முழு வரலாற்றையும் சொன்னவர் கையிலேயே கொடுத்துவிடுவர். மனவடு நோயிலே நினைவு காலமுமிடமும் இழந்து சிதறிக் கிடப்பதால், பதினைந்து ஆண்டு முன் நடந்தது இன்று நடப்பதாய்த் தோன்றுகின்றது. இறந்தகாலத்தை இறந்தகாலமாக்குதலே இம்முறையின் நோக்கம். இலக்கணம் கற்பிப்போர்க்கு இது விளங்கக் கடினமன்று.

இம்முறை எமது நாட்டிலும் சோதிக்கப்பட்டது. ஆழிப்பேரலையின் பின் வடகிழக்கில் ஒரு முகாமிலிருந்த 31 சிறுவரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இவ்வரலாற்று முறையும் மற்றதற்குத் தியானமும் உடல் தளர்த்தற் பயிற்சியும் ஆறு அமர்வுகள் அளித்தனர். அளித்தோர் உள்ளூரிற் பயிற்றப்பட்ட துணையாளரே. ஆறு மாதத்தின் பின் முதற் பிரிவில் நூற்றுக்கு 81 பேரும் இரண்டாம் பிரிவில் 71 பேரும் தேறியிருந்தனர் என 2009இல் அறிவித்தனர். சிறுவரிடத்துக் கண்டதை அப்படியே பெண்களுக்குப் பொருத்துதல் தகாது, தொகையும் சிறிது. ஆயினும் மூச்சைக் கவனித்தலை அற்பமென ஒதுக்குவோர் இவ்விரண்டாம் எண்ணைக் கவனிக்க.

அதனை முன்னரே கண்டவர் யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் போர்க்கால மனநோய்களுக்குச் சிகிச்சை செய்த பேராசிரியர் தயா சோமசுந்தரம். மேல்நாட்டுத் தளர்த்தற் பயிற்சிகளுக்கு ஒப்பானவை எம்மவர் வழக்கிலேயே உள்ளனவென்று கண்டு, மூச்சுப் பயிற்சி, சாந்தியாசனம், மந்திரத்தை மெல்ல உருவேற்றல் ஆகியவற்றை அவர் பயன்படுத்தினார். சைவருக்கு ஓங்காரம், கிறித்தவருக்குச் செபம், முஸ்லிம்களுக்குத் திக்ர், பௌத்தருக்குச் சரணம் என அவரவர் நம்பிக்கைக்கேற்ப அமைக்கலாம். பதகளிப்பு மிக்க பெண்ணிடம் எடுத்தவுடன் போர்க்கதையைக் கேட்டல், கைகால் நடுங்குபவரைக் கிணற்றில் இறக்குவதற்கு ஒப்பாகும். முதலில் மூச்சு, பின்னரே பேச்சு. ஆயின் மூச்சோடு நின்றுவிடுதலும் போதாது. படபடப்பு வரும்பொழுதெல்லாம் மந்திரத்துள் ஒளிந்துகொண்டால் அதுவும் ஒருவகைத் தவிர்ப்பாய் முடியும்.

2004 டிசம்பர் ஆழிப்பேரலையின் பின் வெளிநாட்டு உளவளத்துணையாளர் கூட்டங்கூட்டமாய் வந்திறங்கியதையும், மொழியறியாது 'சொல்லுங்கள், சொல்லுங்கள்' என்று அவருட் சிலர் மக்களை வருத்தியதையும் கண்டோர் பலர். ஒரே அமர்விற் கதையைக் கறந்துவிட்டுப் போதல் நோயைத் தடுக்காது என ஆய்வுகளும் காட்டின. சொல்லுதல் மருந்தென்றால், எவரிடம், எப்பொழுது, யார் விருப்பில் என்பன அம்மருந்தின் அளவும் அனுபானமுமாம். நாம் வகுப்பில் வாசித்தது அளவும் அனுபானமும் இல்லாத மருந்து. அவர் விரும்பாத வேளையில், அவர் தெரியாத காதுகளுக்கு, அவர் கதையை வேறொருவர் வாயால் வெளியிட்டோம். அவர் சொன்ன பிழை அதுவே.

போர் முடிந்தும் அவர்க்கு அச்சம் முடியாமைக்கு வெளிக் காரணங்களும் உள. விசாரிக்க வருவோர் உண்டு. 'அங்கே இருந்தவள்' என்னும் ஊர்ப்பேச்சு உண்டு. அப்பேச்சே மகளின் திருமணம்வரை தொடரும் என்னும் கலக்கமும் உண்டு. ஆண் போராளியை வீரன் என்றோ குற்றவாளியென்றோ சொல்வர். பெண்ணைக் குறித்தோ, உடம்புக்கு என்ன நேர்ந்ததோ என்னும் ஐயத்தையே முதலில் முணுமுணுப்பர். மெய்யாகவே வாயிலில் ஆள் நிற்கும்பொழுது, வாயிலைப் பார்த்திருத்தலை நோய்க்குறி எனல் எங்ஙனம்? எது பழைய அச்சம், எது இன்றைய ஆபத்து எனப் பிரித்தறிதல் துணையாளரின் முதற் கடமை. பின்னையதைச் சிகிச்சையாற் போக்கல் இயலாது.

சிலர் தாமே எழுதித் தேறுதல் தேடினர். விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியற் பிரிவுக்குப் பொறுப்பாயிருந்த தமிழினி, புனர்வாழ்வின் பின் தம் வரலாற்றை எழுதினார். 2015 ஒக்டோபரில் அவர் புற்றுநோயால் மறைந்தார். 'ஒரு கூர்வாளின் நிழலில்' 2016இல் நூலாயிற்று. வெற்றிச்செல்வி தம் நூலொன்றுக்கு 'ஆறிப்போன காயங்களின் வலி' எனப் பெயரிட்டார். வடு என்னும் சொல்லைப் பற்றி நாம் ஒரு பத்தியிற் சொல்ல முயன்றதை அவர் மூன்று சொல்லிற் சொல்லிவிட்டார். மட்டக்களப்பு அம்மன் கோயில்களிலே வாக்குச் சொல்லும் பெண்களிடம், காணாமற்போனோரின் தாயர் சென்று அழுது பேசுவதை 1990களில் பத்ரீஷியா லோரன்ஸ் என்னும் மானிடவியலார் ஆராய்ந்தெழுதினார். பேச இடமில்லாத காலத்திற் கோயில் பேசுமிடமாயிற்று.

எம் மாணவனின் தாய்க்கு என்னாயிற்று என்பதைச் சொல்லல் வேண்டும். மன்னிப்புக் கேட்டோம். உதவி வேண்டுமாயின் வழி காண்போம் என்று மட்டுஞ் சொல்லி நிறுத்திக்கொண்டோம். ஏழு மாதத்தின் பின் அவரே கேட்டார். முதலிற் சென்ற இடத்தில் தமிழறிந்தார் இல்லாமையால், அயல்வீட்டுப் பெண்ணை மொழிபெயர்ப்பாளராய் வைத்து அவர் பேச நேர்ந்தது. அன்று அவர் தலைவலியைப் பற்றி மட்டும் பேசித் திரும்பினார். தமிழ் பேசும் பெண் துணையாளர் ஒருவர் கிடைத்த பின்னரே பேச்சுப் பிறந்தது. (தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி எண்ணை இங்கே குறித்து வைக்கின்றோம், வாசகர் எவர்க்கேனும் வேண்டியிருக்கும்.) அவ்வமர்வுகளில் நடந்தவற்றை நாம் அறியோம்; கேட்கவுமில்லை. உறக்க மாத்திரை படிப்படியாய்க் குறைந்தது என்றும், இப்பொழுது பேருந்திற் கண்டிவரை இறங்காமற் போகின்றார் என்றும் மட்டும் அவரே சொன்னார். கெட்ட கனவு முற்றாய் நீங்கவில்லை. மழை பெய்து தகரக்கூரை அதிரும் இரவுகள் இன்னும் கடினமே என்றார்.

அவருடைய ஏணியிலே ஒரு படி எமது பாடசாலையில் அமைந்தது. இல்ல விளையாட்டுப் போட்டியில் ஓட்டந் தொடங்கத் துவக்குவெடி வைப்பதுண்டு. அவ்வோசைக்கு அஞ்சி, மகன் ஓடுவதை அவர் ஒருநாளும் கண்டாரல்லர். வெடிக்குப் பதிலாக ஊதுகுழல் வைக்கலாமென்று அதிபரிடம் நாம் பேசப் புகுந்தபொழுது, வேண்டாம் என்று அவரே தடுத்தார். முதலாண்டு படலைக்கு வெளியே, வீதியின் மறுகரையில் நின்று கேட்டார். மறு ஆண்டு படலைக்கு உள்ளே, மதிலோரம் நின்றார். எப்பொழுது வெடிக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லும்படி மகனைக் கேட்டிருந்தாராம். இவ்வாண்டு பெற்றோர்க்கு இட்ட கொட்டகையில், முன்வரிசையில் இடம் பிடித்திருந்தார். வெடிக்குந்தோறும் சேலைத் தலைப்பை இறுகப் பற்றினார், எழுந்து போகவில்லை. அவ்வரிசையில் அமர்வோர்க்குத் திடல் முன்னே இருக்கும். படலை முதுகுப்புறத்தே இருக்கும்.